கிரேஸ் போட்டுப் பார்த்த ஜாக்கெட்

வாயில் நான்கு குண்டூசி இருந்தால்தான் கிரேசுக்குப் பேச்சு வரும். கடை வாசலில் ஒருத்தி செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்ப்பாள். வெட்டுப் பலகையில் சாக்கட்டியால் மூன்று எண் எழுதிவிடுவாள். "முப்பத்தாறு. கைச்சுத்து பதினொன்ற. எடது தோளு கொஞ்சம் எறக்கம், பையி மாட்டி மாட்டி. இன்னாமா, சரிதானா?" என்று ஊசிகளுக்கு நடுவிலிருந்து கேட்பாள். வந்தவள் அளவு ஜாக்கெட்டைப் பையிலிருந்து எடுக்கும் முன்பே வேலை முடிந்திருக்கும். கழுத்தில் டேப் தொங்குவதெல்லாம் அலங்காரத்துக்கு. டாக்டர் கழுத்தில் குழாய் இல்லாவிட்டால் நோயாளிக்கு நம்பிக்கை வராதே, அதுபோல.

வாலாஜாபாத்திலிருந்து ஒரு கல்யாணப் பெண் போன் செய்து, நேரில் வர நேரமில்லை என்றாளாம். "நல்லா மூச்சை இழுத்துக்கினு ஒண்ணுலேர்ந்து இருவது வரைக்கும் சொல்லும்மா" என்று கேட்டுவிட்டு, குரலை வைத்தே முப்பத்தெட்டு என்று துணியை வெட்டிவிட்டாள் கிரேஸ். கச்சிதமாகப் பொருந்தியது என்று பெண்ணின் அத்தை இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள். அந்த அத்தை வேறு பல விஷயங்களுக்கும் சத்தியம் செய்கிறவள்தான். இருந்தாலும் ஜாக்கெட் திரும்பி வரவில்லை என்பது உண்மை.

செவிலிமேடு போகிற சாலையில், ஒரு மளிகைக் கடைக்கும் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற வீட்டுக்கும் நடுவே பத்துக்குப் பத்து அறை. அடுத்த வீட்டில் அன்றைக்கு என்ன சாயமோ அந்த நிறத்தில் கடை வாசல் சாக்கடை ஓடும். 'ஒரே நாளில் டெலிவரி' என்று பலகையில் எழுதியிருக்கிறது. எந்த நாள் என்று எழுதவில்லை. மரத்தில் செய்த முக்காலிகள் மூன்று அவளுக்குக் கீழே உயிரை விட்டபிறகு, திருப்புட்குழியிலிருந்து ஒரு வெல்டரை வரவழைத்து இரும்பில் அடித்துக்கொண்டாள். அளவையெல்லாம் குறித்துக்கொண்ட வெல்டர் மிகப் பணிவாக, "எந்த வண்டிக்குங்க்கா?" என்று கேட்டார். அவர் சம்சாரத்தின் ஜாக்கெட் எட்டு மாதம் தைக்கப்படாமல் கிடந்தது.

தொண்ணூற்று மூன்று கிலோ. கிரேஸ் அதை மறைக்கிறவள் அல்ல. யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், "ஆமா, குண்டுதான். இன்னா, உங்கூட்டு அரிசியா?" என்று கேட்டு அந்தப் பேச்சை அங்கேயே வெட்டித் தையலும் போட்டுவிடுவாள்.

தைத்த ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்காமல் வெளியே அனுப்புவதில்லை என்பது அவள் தொழில் நேர்மை. ஒல்லி, நடுத்தரம் எல்லாவற்றுக்கும் துணிப் பொம்மை வைத்திருக்கிறாள். நாற்பத்தாறுக்கு ஊரில் பொம்மை கிடையாது. அந்த அளவுக்குத் தானேதான் பொம்மை. மதியம் இரண்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண்ணாடி முன் நின்று, தானே மாட்டிப் பார்ப்பாள். "பொடவைய ஊரே பாக்குது. ஜாக்கெட்டு நல்லாருக்குதா இல்லியான்றது போட்டவளுக்கு மட்டும்தான் தெரியும்" என்பாள். பட்டுச் சேலைக்கு உலகமே வந்து இறங்குகிற ஊரில் இந்த உண்மையைச் சொல்ல அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

நாற்பத்தாறு அளவில் அவளுக்கு நிரந்தர வாடிக்கை ஒருத்தி. துளசி. அளவு நோட்டில் எல்லோருக்கும் ஒரு பக்கம் முழுக்க எண்கள். துளசியின் பக்கத்தில் 'என் சைஸ்' என்று இரண்டே சொற்கள். மார்பு, இடுப்பு, கைச்சுற்று, முதுகு எதிலும் கால் அங்குல வித்தியாசம் கிடையாது. கடவுள் ஒரே அளவு ஜாக்கெட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேரை வெட்டிவிட்டார் என்று கிரேசின் புருஷன் கிறிஸ்டோபர் சொல்வான். பெயிண்டர், வருடத்துக்கு ஒரு நல்ல வாக்கியம் சொல்வான், அந்த வருடத்துக்கு அது.

துளசி ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதுகிறவள். இருபத்திரண்டு வருடமாக இருவரும் ஒரு கட்சி. அந்தக் கட்சிக்கு வேறு உறுப்பினர் இல்லை. ஷேர் ஆட்டோவில் இரண்டு பேருக்கு மூன்று சீட்டுக் கட்டணம் கேட்ட டிரைவரை இறக்கிவிட்டு, அவனையே நடக்கவைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கல்யாண மண்டபங்களில் பிளாஸ்டிக் நாற்காலியைத் தொட்டுப் பார்த்து, ஒருவரை ஒருவர் கண்ணால் எச்சரித்து, இரும்பு நாற்காலி இருக்கும் மூலையைக் கண்டுபிடிப்பார்கள். போட்டோ எடுக்கும்போது பின்வரிசை. யாராவது இளைக்கச் சொல்லி மருந்து, மாத்திரை, வெந்தயத் தண்ணீர் என்று ஆரம்பித்தால், ஒருத்தி கேட்பதுபோல் கேட்பாள், மற்றவள் கேட்டவளைக் கிள்ளுவாள். தினமும் மாலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி விட்டதும் துளசி கடைக்கு வருவாள். மசால் வடை, டீ, ஊர்வம்பு. ஆறு மணிக்குக் கட்சி கலையும்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை துளசி வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. அடுத்த செவ்வாயும். மற்ற நாட்களில் வந்தாள், வடை தின்றாள், ஆனால் செவ்வாய், வெள்ளி எங்கே போகிறாள் என்று கேட்டால் "ஒரு வேலை இருக்குதுடி" என்றாள். சர்க்கரை வந்துவிட்டதோ, ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவளுக்கே சொல்ல முடியாத வியாதியோ என்று கிரேசுக்கு இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, ஆஸ்பத்திரி வாசலிலிருந்து துளசிக்குப் பின்னால் நடந்தாள். தொண்ணூற்று மூன்று கிலோ ஒளிந்து ஒளிந்து போவதை அன்று காந்தி ரோடே பார்த்தது. துளசி மட்டும் பார்க்கவில்லை.

ஆசாத்தின் செல்போன் கடைக்கு மேலே ஒரு மாடி ஹால். துளசி படியேறினாள். எதிரே இருந்த ஜூஸ் கடையில் நின்று கிரேஸ் அண்ணாந்து பார்த்தாள். தரைவரை இறங்கிய ஜன்னல் திறந்திருந்தது. கட்டையில் கழி தட்டும் சத்தம். "தெய்யா தெய்! தெய்யா தெய்!" பாவு நூல்போல் மெலிந்த ஒரு பெண், சுகாசினி என்று பெயர், தாளம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் ஏழு வயது, எட்டு வயதுப் பெண் குழந்தைகள் பன்னிரண்டு பேர். கடைசி வரிசையில், இடுப்பில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முழங்காலைப் பக்கவாட்டில் மடித்து அரைமண்டியில் உட்கார்ந்து, காலைத் தூக்கித் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தவள் துளசி.

கிரேசுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. துளசி தட்டுத் தடுமாறினாள், மூச்சு வாங்கினாள், ஒரு முறை சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் முகம் இருந்ததே, அந்த முகம்! இருபத்திரண்டு வருடத்தில் மசால் வடைக்குக்கூட அவள் அப்படி மலர்ந்ததில்லை. ஒருத்திக்கு மட்டும் எப்படி அது கிடைக்கலாம்? தன் சைக்கிளை எவளோ கேட்காமல் எடுத்துக்கொண்டு போய், தெருவெல்லாம் கையை விட்டு ஓட்டிக் காட்டியதுபோல் இருந்தது கிரேசுக்கு. அதே கைச்சுற்று, அதே இடுப்பு. அது தன் உடம்பும்தானே. சொல்லாமல் கொள்ளாமல் அதைக் கொண்டுபோய் ஆடவிட அவளுக்கு யார் உரிமை கொடுத்தது?

கிரேசுக்கும் ஆசை இருந்ததில்லையா என்றால், இருந்தது. சின்ன வயதில் கோவில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் ஒன்பது வருடம் அவளை ஏணியில் ஏற்றி நட்சத்திரம் பிடிக்கவைத்தார்கள். கீழே ஒல்லிப் பெண்கள் தேவதூதர்களாக ஆடுவார்கள். "நீதான்மா ஸ்ட்ராங்கு, அசையாம நிப்ப" என்றார்கள். அசையாமல் நின்றாள். பத்தாவது வருடம் கேட்டபோது ஏணியை மட்டும் கொடுத்தனுப்பினாள்.

அன்று தொடங்கி இருபது மாதம் செவ்வாயும் வெள்ளியும் கிரேஸ் ஜூஸ் கடையில் நின்றாள். அந்தக் கடைக்காரருக்கு அவள் குடித்த சாத்துக்குடியிலேயே மகளுக்குக் கம்மல் வந்துவிட்டது என்று ஊரில் பேச்சு. தூண் மறைவு ஒன்று உண்டு. அது அவளில் மூன்றில் ஒரு பங்கை மறைக்கும். பாதகமில்லை, மாடியில் ஆடுகிறவர்கள் கீழே பார்ப்பதில்லை.

துளசி ஒரு நாள் தானாகவே சொன்னாள். டீயை ஊதிக்கொண்டே, வெட்கத்தோடு, "கிரேசு, நான் டான்ஸ் கத்துக்கினு இருக்கறேன்டி" என்றாள்.

"அப்பிடியா?" என்றாள் கிரேஸ், ஊசிகளை எடுக்காமலேயே. "எதுக்கு? எளைக்கறதுக்கா?"

"அதெல்லாம் இல்ல. சும்மாத்தான். ஆசையா இருந்துச்சு. உன்னயும் கூப்புடலாம்னு பார்த்தேன்."

"பார்த்தியே, கூப்புட்டியா?"

"நீ சிரிப்பியேன்னு..."

"சிரிக்காம? மாடி பழைய கட்டடம்டி. கீழ ஆசாத்து நாலு புள்ளைங்களப் பெத்துக்கினு குந்திக்கினு இருக்கறான். பாத்து ஆடு."

சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாள் போனுக்குக் கவர் வாங்குகிற சாக்கில் ஆசாத்திடமே போனாள். "ஏம்பா, மேல ஆடுறாங்களே, சீலிங்கு கீலிங்கு விரிசல் உட்டுச்சா?" என்று விசாரித்தாள்.

ஆசாத் சிரித்தான். "உங்க ஃப்ரெண்டச் சொல்றீங்களாக்கா? அந்தப் பொடிசுங்க குதிச்சாத்தான் ஷோகேஸே ஆடுது. அவங்க காலு வெச்சா சத்தமே வர்ல. பஞ்சு மாரி வெக்கறாங்க. மாஷா அல்லா!"

வாங்கிய கவர் கிரேசின் போனுக்குப் பொருந்தவில்லை. அவள் அதைப் பார்க்கவும் இல்லை.

அடுத்து அவள் நம்பியது டேப்பை. ஆடினால் இளைப்பாள், இளைத்தால் துளசி வேறு ஆளாகிவிடுவாள், பிறகு பொறாமைப்படவும் ஒன்றுமில்லை, அந்நியர்மேல் யார் பொறாமைப்படுவார்கள்? மாதத்துக்கு ஒரு முறை, "நில்லுடி, அளவு பார்க்கணும்" என்று அந்த அலங்கார டேப்பைக் கழுத்திலிருந்து இறக்கினாள். நாற்பத்தாறு. அடுத்த மாதம் நாற்பத்தாறு. தீபாவளிக்கு நாற்பத்தாறே கால், அது அதிரசம். துளசி அரை அங்குலம் குறையவில்லை. இளைக்காமலேயே, அந்த உடம்போடேயே, நன்றாக ஆட ஆரம்பித்திருந்தாள். இது கிரேசைப் படுத்திய பாட்டுக்கு அளவு எடுக்க டேப் போதாது.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. நாட்டடவு என்று ஒன்று. காலை நீட்டிக் குதிகாலைத் தொட்டு எடுக்க வேண்டும். அதை மூன்று வேகத்தில் ஆட வேண்டும். மூன்றாம் காலம் துளசிக்கு வரவில்லை. கழி வேகமாகத் தட்டும்போது அவள் கால் ஒரு தட்டு பின்தங்கும். எட்டு வயசுக்காரிகள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வாரம் முழுக்க கிரேஸ் வாடிக்கைக்காரிகளிடம் தேனாகப் பேசினாள். ஒருத்திக்குக் கொக்கி இலவசமாகக்கூடத் தைத்துக் கொடுத்தாள்.

இந்த மாசியில் சலங்கை பூஜை என்று முடிவாயிற்று. முதல் முறையாகக் காலில் சலங்கை கட்டி மேடையேறுவது. மண்டபம் பிடித்தாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை, முந்நூறு பேருக்குச் சொல்லியாயிற்று. குழந்தைகளுக்கு உடை சென்னையிலிருந்து வாடகைக்கு வருகிறது. துளசியின் அளவைப் போனில் கேட்ட வாடகைக் கடைக்காரர், "மேடம், அந்த சைஸ்ல பொய்க்கால் குதிரைதான் இருக்குது" என்றாராம்.

துளசி அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். கிரேசும் சிரித்தாள். பிறகு துளசி பையிலிருந்து ஓர் அரக்குப் பட்டுச் சேலையை எடுத்துப் பலகைமேல் வைத்தாள். மாம்பழக் கரை. அவள் வீட்டில் இருக்கிற ஒரே அசல் பட்டு.

"இத வெட்டிக் குடுடி. விசிறி மடிப்பு, பைஜாமா, ஜாக்கெட்டு எல்லாம். சுகாசினி மிஸ்ஸு படம் அனுப்பிச்சிருக்குது."

"வெட்டவா? பட்டுப் பொடவையவா? உன் மாமியா என்ன கொன்னுடும்."

"அது பொடவய வெட்டுறேன்னு சொன்னதுக்கே அழுவல. நான் ஆடுறேன்னு சொன்னதுக்குத்தான் அழுதுச்சு. 'முந்நூறு பேரு முன்னாடி இந்த ஒடம்ப வெச்சுக்கினா'ன்னு. அது வந்து முன்னாடி குந்தப்போவுது, பார்த்துக்கோ. எது போனாலும் போவட்டும், ஜாக்கெட்டு நிக்கணும். உன்ன விட்டா எனக்கு யாரு தைப்பா? எவகிட்ட போனாலும் மொதல்ல ஒடம்பப் பாக்குறாளுங்க. நீதான்டி துணியப் பாப்ப."

இப்படிச் சொல்லிவிட்டுப் போனாள்.

சாதாரண ஜாக்கெட் கையைக் கீழே போட்டிருக்கிறவளுக்கு வெட்டுவது. தோள் உயரம் வரை தூக்கலாம். அதற்கு மேல் போனால் அக்குள் தையல் இழுக்கும். நாட்டிய ஜாக்கெட்டுக்கு அக்குளில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைக்க வேண்டும், நான்கு அங்குலம். வெளியே தெரியாது. கை தலைக்கு மேல் போகும்போது அந்தத் துண்டு விரிந்து கொடுக்கும். அந்த இரண்டு துண்டையும் கிரேஸ் அழகாக வெட்டினாள். மடித்து, கொக்கி போட்டுவைக்கிற பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்தாள். மூடியை அழுத்தி மூடினாள். துண்டு இல்லாமலேயே ஜாக்கெட்டைத் தைத்து முடித்தாள்.

ஏன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். முதல் உருப்படி புஷ்பாஞ்சலி. இரண்டு கையிலும் பூவை ஏந்தி, தலைக்கு மேலே உயர்த்தி, தூவ வேண்டும். முதல் நிமிஷத்திலேயே டர்ரென்று போகும். ஒல்லியானவளின் ஜாக்கெட் கிழிந்தால் 'எந்த டெய்லர் தைத்தது?' என்று கேட்பார்கள். குண்டானவளின் ஜாக்கெட் கிழிந்தால் யாரும் டெய்லரைக் கேட்க மாட்டார்கள். உடம்பைத்தான் பார்ப்பார்கள். கிரேஸ்மேல் ஒரு தூசுகூட விழாது. துளசி செவ்வாய்க்கிழமை மாலை வடை தின்ன வந்துவிடுவாள். கட்சி பழையபடி கூடும்.

புதன்கிழமை மதியம் இரண்டு மணி. ஷட்டரைப் பாதி இறக்கினாள். போட்டுப் பார்க்காமல் அனுப்புவதில்லையே; சதி செய்கிறபோதும் தொழில் நேர்மை என்று ஒன்று இருக்கிறது. அரக்கு ஜாக்கெட், பைஜாமா, இடுப்பில் விசிறி. கண்ணாடியில் பார்த்தாள். மாம்பழக் கரை மின்னிற்று. ஒரு நிமிஷம் அது யார் என்று அவளுக்கே தெரியவில்லை.

எந்த இடத்தில் கிழியும் என்று பார்த்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தாள். வெறும் ஆராய்ச்சி. முழங்காலை மடித்து அரைமண்டியில் இறங்கினாள். இறங்கியது. தட்டிப் பார்த்தாள். "தெய்யா தெய்." இருபது மாதம் ஜூஸ் கடையில் நின்ற கால், எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது. தட்டடவு போயிற்று. நாட்டடவு, முதல் காலம், இரண்டாம் காலம். மூன்றாம் காலம் தானாக வந்தது; தையல் மெஷின் மோட்டாரை மிதித்து மிதித்து அவள் பாதத்துக்கு அந்த வேகம் இருபத்தெட்டு வருடப் பழக்கம். முக்காலி ஒதுங்கிக்கொண்டது. பொம்மைகள் பார்த்துக்கொண்டு நின்றன. கிரேஸ் ஆராய்ச்சியை மறந்தாள். மேலே ஒரு ஜாக்கெட் இருப்பதையே மறந்தாள். இரண்டு கையையும் பூ ஏந்துவதுபோல் குவித்துத் தலைக்கு மேலே கொண்டுபோனாள்.

டர்ர்.

வலது அக்குள். அந்தச் சத்தத்தோடு ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. நீலப் பட்டை செருப்பு. துளசி மெல்லக் குனிந்து, ஷட்டருக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். அரை நாள் லீவு போட்டுவிட்டு உடையைப் போட்டுப் பார்க்க வந்திருந்தாள்.

துளசி உள்ளே வந்து கிழிந்த இடத்தைப் பார்த்தாள். ஆடியதைப் பற்றிக் கேட்கவில்லை, தன் உடை இவள் மேல் ஏன் என்றும் கேட்கவில்லை, போட்டுப் பார்ப்பது இவள் வழக்கம்தானே. கிழிசலை மட்டும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இரும்பு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"நீ தச்சே கிழிஞ்சுடுச்சா?" என்றாள். "அப்ப அவ்ளோதான். மாமியா சொன்னது சரிதான்டி. இந்த ஒடம்புக்கு இதெல்லாம் ஆவாது. நல்லவேள, இங்கயே கிழிஞ்சுது. மேடையில போயிருந்தா மானம் போயிருக்கும். நான் மிஸ்ஸுகிட்ட சொல்லிடறேன். பசங்க ஆடட்டும்."

கேட்டது கிடைத்துவிட்டது. கிரேஸ் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். முந்நூறு பேர் வேண்டாம், மண்டபம் வேண்டாம், ஒரு சொல்கூட வேண்டாம். துளசி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்க முக்காலியை ஊன்றினாள்.

"ஒக்காரு," என்றாள் கிரேஸ். பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். கொக்கிகளைத் தள்ளிவிட்டு அந்த இரண்டு துண்டையும் எடுத்துத் துளசியின் மடியில் போட்டாள். "ஒடம்பு இல்ல. தையலு. இது அக்குள்ள வெக்கவேண்டியது. வெக்கல."

"மறந்துட்டியா?"

"மறக்கல."

துளசி ஒரு துண்டை எடுத்து விரித்தாள், மடித்தாள், மறுபடி விரித்தாள்.

"முந்நூறு பேரு முன்னாடியாடி?"

"ம்."

"மாமியா முன்னாடி, ஆஸ்பத்திரி நர்சுங்க முன்னாடி... நான் கைய மேல தூக்கிக்கினு நிப்பேன்..."

"ம்."

"இன்னாத்துக்குடி? நான் இன்னா பண்ணேன் உன்ன?"

"பொறாம," என்றாள் கிரேஸ். "நீ மட்டும் போனல்ல. ஒரு வார்த்த கேட்டியா? உனக்கு இருக்கறதுதானே எனக்கும் இருக்குது? வயிறு எரிஞ்சுதுடி. இன்னும் எரியுது. இப்பவும் எரியுது."

அடுத்த வீட்டில் சாயத் தண்ணீரைக் கொட்டினார்கள். வாசலில் பச்சையாக ஓடிற்று. துளசி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் இரண்டு துண்டையும் பலகைமேல் வைத்துக் கையால் அறைந்தாள். சாக்கட்டி எகிறி விழுந்தது.

"பாவி! இத என் கண்ணு முன்னாடி வெச்சுத் தைக்கற. இப்பவே. ஞாயித்துக்கெழம நான் ஆடுவேன். எவ எரிஞ்சாலும் ஆடுவேன்."

"தைக்கறேன். கழட்டித் தரேன், இரு."

"இரு. எந்த எடத்துல கிழிஞ்சுது?"

"புஷ்பாஞ்சலி. கை மேல போவறப்ப."

துளசி நிமிர்ந்தாள். "அது வரைக்கும் வந்தியா நீ? யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஜூஸ் கடையிலேர்ந்து பார்த்தேன்."

"பார்த்தியா? வெறுமன பார்த்தியா? நாட்டடவு பண்ணியா?"

"பண்ணேன்."

"மூணாங்காலமுமா?"

"ம்."

"பொய்யி. அது எனக்கே இன்னும் ஒதைக்குது. எங்க, ஆடு பாப்போம்."

"கிழிஞ்சிருக்குதுடி."

"கெடக்குது. ஆடு."

துளசி உள்ளங்கையால் வெட்டுப் பலகையைத் தட்டினாள், சுகாசினி கழியால் தட்டுவதுபோல். மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு வேண்டுமென்றே இன்னும் வேகமாக. கிரேஸ் அரைமண்டியில் இறங்கினாள். குதிகால் போய்த் தொட்டுத் திரும்பியது. போய்த் தொட்டுத் திரும்பியது. ஒரு தட்டும் பிந்தவில்லை. துளசியின் கை தட்டிக்கொண்டே இருந்தது. முகம் மட்டும் மாறிக்கொண்டு வந்தது. கண் சுருங்கிற்று, உதடு ஒரு பக்கமாக இறங்கிற்று. டேப் இல்லாமலேயே கிரேஸ் அந்த முகத்தை அளந்துவிட்டாள். இருபது மாதம் ஜூஸ் கடைக் கண்ணாடியில் தெரிந்த தன் முகமேதான் அது, கால் அங்குலம் வித்தியாசமில்லை.

"குதிகால் தப்பு," என்றாள் துளசி.

தப்பில்லை என்று இருவருக்கும் தெரியும். கிரேசுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் குவித்து மேலே கொண்டுபோனாள். கிழிசல் விலாவரை இறங்கிற்று, பிறகு இடுப்புப் பட்டிவரை. அவள் கையை இறக்கவில்லை. குதிகாலை எம்பி, இன்னும் ஒரு சாண் உயர்த்தினாள்.